அரசியின் காலடியில் இன்ஸ்பெக்டரின் நிழல்

எங்கள் ஊரில் ஒரு பங்குனி மாதத்து முற்பகலில் வெயிலும் மழையும் சேர்ந்தடித்து, காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் நடக்கிறதென்று பிள்ளைகள் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு ஓடிய சின்னப் பொழுதில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற எடைமேடையின் தகரக் கொட்டகைக்குக் கீழே ஒதுங்கி நின்ற இரண்டு பேர், மழை விட்டதும் ஆளுக்கொரு திசையாக நடந்து போனபோது, அவள் நிழல் அவரோடும் அவர் நிழல் அவளோடும் போய்விட்டன.

இதற்காக யாரும் பதறவில்லை. கோயில் வாசலில் செருப்பு மாறுகிறது, கல்யாண வீட்டில் குடை மாறுகிறது, ஆஸ்பத்திரியில் சோற்றுத் தூக்கு மாறுகிறது, கூட்டமும் அவசரமும் இருந்தால் எதுவும் மாறத்தான் செய்யும் என்றுதான் ஊர் முதலில் எடுத்துக்கொண்டது. ஆனால் கொட்டகையில் கூட்டமே இல்லை, இரண்டே பேர்தான் நின்றார்கள், அதிலும் ஒருத்தர் ஆண் ஒருத்தி பெண் என்பது தெரியவந்த பிறகுதான் அது பிரச்சினையாயிற்று.

அவள் பெயர் மங்கையர்க்கரசி, ஊருக்கு அரசி. முப்பத்தெட்டு வயது. எங்கள் ஊர் நிலைப்படிகள் எல்லாம் அவளைவிடக் குட்டை என்பதால் எந்த வீட்டுக்குள்ளும் தலையைக் குனிந்தே நுழைவாள், வேறு எதற்கும் குனிந்து யாரும் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவள் அப்பா விட்டுப்போன கட்டடத்தில் முன்பக்கம் வாடகை நூல்நிலையம், பின்பக்கம் அவள் குடியிருப்பு.

அவர் பெயர் சிற்றம்பலம், எடையளவு ஆய்வாளர். அவளுடைய தோளுக்கு வருவார். வயிறு முன்னால் போய்ச் சேர்ந்து கொஞ்சம் கழித்துத்தான் அவர் வந்து சேருவார். மாற்றலாகி வந்த நாளிலிருந்து எந்தக் கடையிலும் ஒரு வாய் டீ ஓசியில் குடித்ததில்லை என்பதாலும், தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிறவரோடு சிரித்துப் பேசுவது யாருக்கும் நல்லதில்லை என்பதாலும், அவரோடு ஊரில் ஒருவரும் பேசுவதில்லை. அவரும் காரணம் இல்லாமல் எங்கும் போகமாட்டார். ஒரு வாசலில் அவர் நின்றால் உள்ளே தராசு இருக்கிறது என்று அர்த்தம்.

இனி அந்தக் கதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்த எல்லாவற்றுக்கும் அவைதான் பொறுப்பு. மலைமேல் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்த ஒரு துரைசானியின் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்கு வந்தபோது அரசியின் அப்பா அவற்றை மூட்டையாக வாங்கிப் போட்டிருந்தார். அத்தனையும் இங்கிலாந்தில் ராஜாவுக்குப் புத்தி பேதலித்து, பிள்ளை பொறுப்பில் நாடு நடந்த காலத்துக் காதல் கதைகள். பொருந்தாத ஜோடிகள். திமிர் பிடித்த பிரபு, ஏழைப் பாதிரியாரின் மகள். தோட்டத்து மண்டபத்தில் மழைக்கு ஒதுங்குவார்கள், யாராவது பார்த்துவிடுவார்கள், பெண்ணின் மானம் போய்விடும், மானத்தைக் காப்பாற்றப் பிரபு அவளைக் கட்டிக்கொள்வார். முதலில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இருபதாம் அத்தியாயத்தில் ஒருவரை ஒருவருக்குப் பிடித்துப்போகும். நாள்தோறும் சாயங்காலம் நாலு மணிக்கு அரசி இந்தக் கதைகளைத் தமிழில் வாய்மொழியாகச் சொல்லுவாள். பூக்கட்டும் ராக்கு மடியில் சரத்தோடும், தையல்கடை பர்வீன் காஜா எடுக்கிற சட்டையோடும், ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை அமலோற்பவம் டீச்சர் வெறுங்கையோடும் வந்து உட்காருவார்கள். நான் வெளியூர் வாசம் முடித்து ஊர் திரும்பியிருந்த சமயம் அது, நானும் ஓரமாக உட்கார்ந்து கேட்பேன். அந்தப் புத்தகங்களில் சிலவற்றை இங்கிலீஷிலேயே படித்திருக்கிறேன், அரசி சொல்லும்போதுதான் அவை நன்றாக இருந்தன.

நிழல் மாறியதை முதலில் பார்த்தது ராக்குதான். மழை விட்ட கையோடு இன்ஸ்பெக்டர் அவளுடைய பூக்கூடையைத் தாண்டி நடந்து போனார், அவர் காலடியிலிருந்து நெடுநெடுவென்று ஒரு பெண்ணின் நிழல், பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்க, புத்தகக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அவர் கிழக்கே போகிறபோது மேற்கே போகிற நடை நடந்துகொண்டே போயிற்று. ராக்கு கூடையைப் போட்டுவிட்டு நூல்நிலையத்துக்கு ஓடினாள். அங்கே அரசி புத்தகங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருக்க, அவள் காலடியில் குட்டையாய் வட்டமாய் ஒரு நிழல் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தது.

"ஏ அரசி, அங்க என்னடி நடந்துச்சு?"

"எங்கக்கா?"

"எடைமேடையில!"

"மழை பேஞ்சுச்சு. நின்னோம். புத்தகம் நனையுதுன்னு அவர் தள்ளி நின்னு நனைஞ்சார். நன்றின்னேன். பரவாயில்லைங்கன்னார். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? கீழ பாரு."

அரசி கீழே பார்த்தாள். நிழல் பிழிந்த சட்டையை உதறி மறுபடி போட்டுக்கொண்டு, வயிற்றுக்கு மேல் பொத்தான் போட முடியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஆக விஷயம் இப்படி இருந்தது: நிழல்கள் இடம்தான் மாறியிருந்தன, ஆளை மறக்கவில்லை. அரசி என்ன செய்கிறாளோ அதை அவர் காலடியில் கிடக்கிற நிழல் செய்தது, அவர் செய்வதை அவள் காலடியில் கிடக்கிறது செய்தது. ஊர் இதற்கு இரண்டே நாளில் பழகிக்கொண்டது. நூல்நிலையம் திறந்திருக்கிறதா என்று தெரிய பஸ் ஸ்டாண்டு வரை யாரும் நடக்கவில்லை, ஆய்வாளரின் காலடியில் நிழல் பூட்டைத் திறக்கிறதா என்று எட்டிப் பார்த்தால் போதும் என்றாயிற்று. மெஸ்ஸில் அவருக்குச் சாப்பாடு போடுகிறவன், "மேடம் இன்னும் சாப்பிடல போலிருக்கே சார், படிச்சுக்கிட்டே இருக்காங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ரசம் ஊற்றினான்.

ஆனால் நாலு மணிக்காரிகள் விடவில்லை. அவர்களுடைய சொந்த வழக்கப்படி பார்த்தால், பட்டப்பகலில் மழைக்கு ஒதுங்கியதற்கெல்லாம் யாரும் யாரையும் கட்டவேண்டியதில்லை, மழை என்றால் ஒதுங்கத்தானே செய்வார்கள். இங்கிலாந்து வழக்கப்படிதான் அது பெரிய குற்றம். அந்த வழக்கத்தை அவர்களுக்கு ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொடுத்தவள் அரசியே.

"நீதானே சொன்ன," என்றார் அமலோற்பவம் டீச்சர். "அந்தப் பொண்ணோட கையுறை டியூக்குப் பிரபு வண்டியில கெடந்ததுக்கே ஊரு சிரிச்சுப்போய்க் கல்யாணம் பண்ணி வச்சாங்கன்னு. வெறும் கையுறைம்மா. இங்க முழு நெழலும்ல கெடக்குது!"

"டீச்சர், அது கதை."

"கதைன்னா பொய்யா? இத்தனை வருஷமா எங்ககிட்ட பொய்யா சொன்ன?"



"மொதல்ல கட்டிக்கங்கக்கா," என்றாள் பர்வீன் ஊசியில் நூலைக் கோர்த்தபடி. "இருபதாவது அத்தியாயத்துல புடிச்சுப் போயிரும்."

இவர்களே போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்களா, அவருக்கே தோன்றியதா தெரியாது, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சிற்றம்பலம் முழுக்கைச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு நூல்நிலையத்துப் படியேறினார். எதிர்க்கடையில் யாரோ எதற்கும் இருக்கட்டும் என்று தராசை எடுத்து உள்ளே வைத்தார்கள்.

"வணக்கங்க," என்றார். பிறகு அலுவலகத்தில் எழுதிப் பழகிய நடையிலேயே, கண்ணைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கடந்த மழையன்று எடைமேடையில் நிகழ்ந்ததை முன்னிட்டுத் தங்களுக்கு ஏற்பட்டிருக்கிற இழுக்குக்கு நானும் ஒரு காரணம் என்கிற வகையில், தங்களைத் திருமணம் செய்துகொள்ள நான் கடமைப்பட்டிருக்கிறேன். தங்கள் இசைவைத் தெரிவித்தால் மேற்கொண்டு ஆவன செய்யப்படும்."

ராக்கு பூச்சரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சார்," என்றாள் அரசி. "கடமைப்பட்டவங்க வரி கட்டலாம். தாலி கட்ட வேணாம்."

அவர் அதைச் சற்று நேரம் மனசுக்குள் நிறுத்துப் பார்த்த மாதிரி நின்றார். "நியாயம்தாங்க," என்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். தெருமுனை திரும்புகிறவரை அரசியின் காலடியில் கிடந்த நிழல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போயிற்று. துடைத்தது வேர்வையா வேறேதாவதா என்பது நிழலில் தெரியாது.

நாலு மணிக்காரிகளுக்கு ஏமாற்றமே இல்லை. "கதைப்படிதான் போகுது," என்று டீச்சர் திருப்தியாகச் சொன்னார். "மொதத் தடவை மறுக்கணும்ல."

மற்றவர்கள் போனபிறகு பர்வீன் மட்டும் நின்றாள். "ஏன்க்கா வேணாம்னீங்க? நல்ல மனுசன்தானே."

"நல்ல மனுசன்தான். எனக்கு வந்த வரனெல்லாம் நல்ல மனுசங்கதான் பர்வீன். ஒருத்தர் ஜாதகம் பொருந்துச்சுன்னு வந்தார். ஒருத்தர் கட்டடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல இருக்குன்னு வந்தார். ஒருத்தர், பொண்ணு உயரம்னா பிள்ளைங்க உயரமாப் பொறக்கும்னு வந்தார். இவர் மழை பேஞ்சுச்சுன்னு வந்திருக்கார். சும்மா ஒருத்தராவது வரணும்ல? ஒரு காரணமும் இல்லாம, என்னைப் பாத்துட்டுப் போகலாம்னு, சும்மா?"

போகிறவள் மாதிரி வாசலில் நின்றிருந்த ராக்கு திரும்பிச் சொன்னாள்: "இந்தக் காலத்துல சும்மா எவன்டி வருவான்? கரண்டுக்காரன்கூட மீட்டர் பாக்கத்தான் வாரான்."

குளியலறைச் சங்கடத்தைப் பற்றி ஊரில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை, மனசுக்குள் எல்லோரும் பேசினார்கள். அரசி முதல் நாள் ஜன்னலில் கோணியைக் கட்டி, விளக்கைப் போடாமல் இருட்டில் குளித்தாள். அதனால் என்ன பிரயோஜனம், அவள் நிழல் கிடப்பது அவருடைய அறையில், அங்கே கிழக்கு ஜன்னல் வழியாகக் காலை வெயில் கொட்டுமே என்று இரண்டாம் நாள்தான் உறைத்தது. அன்றைக்கு விளக்கைப் போட்டாள். போட்டுவிட்டு, பயந்துகொண்டே கீழே பார்த்தாள். அவள் காலடியில், சிமெண்டுத் தரையில், அந்தக் குட்டை நிழல் சம்மணம் போட்டு அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, தலையில் துண்டைப் போர்த்தி, போதாதென்று இரண்டு கையாலும் துண்டுக்கு மேல் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தது.

அவள் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

அப்புறம் தினமும் அப்படித்தான். வாளியையும் சொம்பையும் கையில் எடுக்கிற அவளுடைய நிழல் தன் அறைத் தரையில் தெரிந்த மாத்திரத்தில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பித் துண்டைப் போட்டுக்கொள்வார். எப்போது எடுப்பது என்று தெரியாததால், குளித்து, உடுத்தி, தலை துவட்டி, காப்பியும் ஆகியிருக்கும் என்று நிச்சயமாகத் தெரிகிறவரைக்கும் எடுக்கமாட்டார். ஒரு நாள் அரசி எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். அன்றைக்கு எடையளவு அலுவலகம் திறக்க நேரமாகிவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து காக்காய்க் குளியலாகக் குளிக்க ஆரம்பித்தாள்.

இது இப்படி இருக்க, வியாபாரிகளுக்குத் திடீரென்று படிப்பின் மேல் ஆசை வந்தது. மளிகைக்கடை தவசி அண்ணாச்சி நூல்நிலையத்தில் உறுப்பினரானார். கறிக்கடைக்காரர் உறுப்பினரானார். காய்கறிக் கமிஷன் மண்டிக்காரர்கள் கூட்டாக வந்து உறுப்பினரானார்கள். எல்லோரும் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அரசியின் மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். இத்தனை கூட்டத்தை அப்பா காலத்தில்கூடப் பார்க்காத அரசிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"கதை எப்படிங்க அண்ணாச்சி?"

"ரொம்ப உருக்கமா இருக்கும்மா," என்றார் தவசி அண்ணாச்சி, புத்தகம் தலைகீழாக இருக்க, கண் மேசைக்குக் கீழே இருக்க.

"எந்த எடம் வந்திருக்கீங்க?"

"இப்பத்தான் வண்டிய ஸ்டார்ட் பண்றாரு," என்றவர் சட்டென்று செல்போனை எடுத்து, "டேய், கெளம்பிட்டாரு, அந்தக் கல்லை எடுத்து உள்ள வை" என்றார்.

அரசி கீழே பார்த்தாள். நிழல் ஸ்கூட்டரில் உட்கார்ந்த வாக்கில் கைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக ஒரு டீக்கும் விலைபோகாத ஒரு மனுசரைத் தன் காலடியில் வைத்து ஊர் வேவு பார்த்துக்கொண்டிருக்கிறதென்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கிற்று. மறுநாளிலிருந்து அவர் வண்டியை எடுக்கிற நேரம் பார்த்து, மாடிப்படிக்கு அடியில் பழைய பத்திரிகைகள் கிடக்கிற இருட்டு மூலைக்குள் போய், தன் உயரத்தையெல்லாம் மடக்கி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துகொண்டாள். வெளிச்சம் இல்லாத இடத்தில் யாருக்கும் நிழல் இல்லை. அந்த வாரம் மார்க்கெட்டில் சிக்கிய எடைக்கற்களை ஒரு மூட்டையாகக் கட்ட வேண்டியிருந்தது.

"இது நல்லாருக்கா அரசி?" என்று அண்ணாச்சி வந்து சண்டை பிடித்தார். "காலையிலேருந்து ஒனக்கு நெழலே இல்லையே! உறுப்பினருக்கு இதா மரியாதை?"

"புத்தகத்துக்குத்தானே அண்ணாச்சி உறுப்பினர்? நேராப் புடிச்சுப் படிங்க, நல்லாருக்கும்."

மார்க்கெட் வெயிலில் நின்றுகொண்டிருந்த சிற்றம்பலத்துக்கோ எல்லாம் தெரிந்தது. அவர் காலடியில் அந்த நெடிய நிழல், நிமிர்ந்தே பார்த்துப் பழகிய நிழல், ஒரு பொட்டலம்போல மடங்கி உட்கார்ந்து ஒரு புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தது. நெற்றியைத் துடைத்தது. காலை நீட்ட முயன்று எதிலோ இடித்துக்கொண்டு மறுபடி மடக்கிக்கொண்டது. அதைப் பார்த்த பிறகு அவர் தராசு பார்க்கிற வேகமே மாறிவிட்டது. பாதி நாள் பிடிக்கிற மார்க்கெட்டை ஓட்டமும் நடையுமாக முடித்துக்கொண்டு, நிழலில் வந்து நின்று மூச்சு வாங்குவார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தெருவில் எதிரே வந்தால் அவர் வண்டியை ஓரம் கட்டுவார், அவள் மறுபக்கம் ஏறிப் போவாள், நிழல்கள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஒரு கணம் விழுந்து பிரியும்.

பங்குனி முடிகிற சமயத்தில் அமலோற்பவம் டீச்சர்தான் பரிகாரம் சொன்னார். "வருஷத்துல ரெண்டு நாள் சூரியன் நேரா நம்ம உச்சந்தலைக்கு மேல வந்து நிக்கும். அந்தக் கொஞ்ச நேரம் கம்பத்துக்கும் நெழலு இல்ல, கலெக்டருக்கும் நெழலு இல்ல. சித்திரை பொறந்து நாலாம் நாள் வருது. அதே கொட்டகை முன்னால ரெண்டு பேரும் நில்லுங்க. இருக்கிற நெழலு போயிரும், திரும்ப வாரப்ப அவங்கவங்களுது அவங்கவங்ககிட்ட வந்துரும். இது சயின்ஸ்."

"அப்ப கல்யாணம்?" என்றாள் ராக்கு.

"அதுக்கு முன்னால நடந்தா உண்டு. பின்னாலன்னா கட்டிக்கறதுக்கு ஒரு காரணமும் இல்லையே."

அரசி, "ரொம்ப நல்லதாப் போச்சு டீச்சர்," என்றாள். அப்படித்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு நாலு மணிக் கதையில் டியூக் குதிரையேறிப் போன இடத்திலேயே நிறுத்திவிட்டு, அவர் எங்கே போனார் என்று பர்வீன் கேட்டதற்கு, தெரியவில்லை என்று பதில் சொன்னாள். எல்லாம் சரியாகிவிட்டால் அந்தத் துண்டு போர்த்திய தலையும் போய்விடும். போகாமல் இருக்கட்டும் என்று இவளாகச் சொன்னால் அவர் கடமையென்று வந்து நிற்பார். கடமையென்று வந்து நிற்கிறவரை அவளுக்கு வேண்டாம். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் கதை இருபதாம் அத்தியாயத்துக்கு வரவே வழியில்லாமல் இருந்தது.

சித்திரை நாலாம் நாள் உச்சிப் பொழுதில் ஊரே எடைமேடையில் கூடியது. வெள்ளரிப் பிஞ்சும் மோரும் விற்றார்கள். ராக்கு எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மாலை கட்டிக் கூடையில் வைத்திருந்தாள். கொட்டகைக்கு முன்னால் அவள் நிமிர்ந்து நின்றாள், அவர் கொஞ்சம் தள்ளி, மழையன்று நின்ற அதே தூரத்தில் நின்றார். நிழல்கள் சுருங்கின. நெடிய பின்னல் சுருங்கிப் பாதத்துக்குள் போயிற்று, வட்ட வயிறு சுருங்கிச் செருப்புக்குள் போயிற்று, கம்பங்களும் ஆடுகளும் ஜனங்களும் அடியில் ஒரு கறுப்பும் இல்லாமல் வரைந்து வைத்த படம்போல நின்றார்கள். டீச்சர் மட்டும் "மாதாவே" என்றார்.

பிறகு கறுப்பு ஒரு நகக்கண் அளவு கசிந்து வந்தது. நீண்டது. அவள் காலடியில் அவளுடையது. அவர் காலடியில் அவருடையது.

ஊர் கைதட்டிற்று, கைதட்டி முடித்ததும் எதற்குத் தட்டினோம் என்று தெரியாத மாதிரி நின்றது.

"இன்னையோட தங்களுக்கு விடுதலைங்க," என்றார் சிற்றம்பலம்.

"உங்களுக்கும்," என்றாள் அரசி.

அவர் கும்பிட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனார். மாலைகளை ராக்கு பிள்ளையாருக்குப் போட்டுவிட்டு, வீடு போகிறவரை யாரையோ திட்டிக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை அரசி வாளியில் தண்ணீர் பிடித்து, விளக்கைப் போட்டு, கீழே பார்த்தாள். தன் நிழல்தான். கையில் சொம்போடு நெடுநெடுவென்று நின்றுகொண்டிருந்தது. பழக்கத்தில் அவசர அவசரமாகக் குளித்தாள், குளித்துவிட்டு, இனி தன்னால் யாருக்கும் நேரமாகப் போவதில்லை என்று நினைவு வந்து, ஈரத்தலையோடு நெடுநேரம் அங்கேயே நின்றாள். வியாபாரிகள் புத்தகங்களைத் திருப்பித் தந்துவிட்டு உறுப்பினர் பதவியை விட்டார்கள். தவசி அண்ணாச்சி மட்டும் தரவில்லை. நேராகப் பிடித்து ஒரு பக்கம் பார்த்தாராம், விட முடியவில்லையாம்.

நாட்கள் போயின. நாலு மணிக்காரிகள் இருபதாம் அத்தியாயம் கேட்டார்கள். "அது கிழிஞ்சு போச்சு," என்றாள் அரசி. "என்கிட்ட இருக்கிற பிரதியில இல்ல."

அந்தச் சாயங்காலம் வெயில் தணியாமல் தெருப்புழுதி பறந்துகொண்டிருந்தபோது எதிர்க்கடைக்காரர் திடுதிப்பென்று தராசைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். சிற்றம்பலம் வந்துகொண்டிருந்தார். எதிர்க்கடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோதனைக்கல் பெட்டி இல்லை, முழுக்கைச் சட்டை இல்லை, தோளில் ஒரு துண்டு மட்டும். நூல்நிலையத்துப் படியேறி நின்றார்.

"என்ன விஷயம் சார்?" என்றாள் அரசி.

அவர் வாயைத் திறந்தார். காலண்டரைப் பார்த்தார். முன்னிட்டு, வகையில், ஆவன என்கிற வார்த்தைகளையெல்லாம் தேடிப் பார்த்து ஒன்றும் அகப்படாமல், கடைசியில் காலண்டரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். நன்றாக நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

"ஒண்ணுமில்லைங்க," என்றார். "சும்மா வந்தேன்."

ராக்குவின் கையிலிருந்து பூச்சரம் நழுவியது. அரசி சடாரென்று பர்வீன் பக்கம் திரும்பினாள். "நீ சொன்னியா?"

"அல்லா மேல ஆணையா இல்லக்கா!"

"என்ன சொன்னாங்க?" என்றார் சிற்றம்பலம் ஒன்றும் புரியாமல். "நான் யாருகிட்டயும் சொல்லிட்டு வரலைங்க. வேலை முடிஞ்சுது. வண்டி அந்தப் பக்கம் போக வேண்டியது, இந்தப் பக்கம் வந்துருச்சு. இடைஞ்சல்னா போயிர்றேன்."

"உக்காருங்க," என்றாள் அரசி. "சும்மா வந்தவங்க உக்காரலாம்."

அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பர்வீன் தைத்த இடத்திலேயே மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள். கையையும் காலையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்ற அரசி, ஏதாவது செய்தாக வேண்டும் என்று, புழுதி அடங்க வாசல் தெளிக்கலாம் என்று பின்கட்டுக்குப் போய், வாளியையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

வாளியும் சொம்புமாக அவளைப் பார்த்த மாத்திரத்தில் சிற்றம்பலம் பெஞ்சிலேயே சுவர்ப்பக்கமாகத் திரும்பிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை இழுத்துத் தலைமேல் போட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, இவருக்கு என்னாச்சு?" என்றாள் ராக்கு. "வெயில்ல வந்தது தலைக்கு ஏறிருச்சா?"

"சார், அது வெறும் வாளி சார்," என்றார் டீச்சர்.

அரசிக்கு மட்டும் தெரிந்தது. வாளியைக் கீழே வைத்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது, நிலைப்படியில் தலை இடிக்கிற அளவுக்கு உடம்பை வளைத்துக்கொண்டு சிரித்தாள், அந்த மூன்று பேரும் இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே குரல் வேறு மாதிரி ஆயிற்று.

"வாசல் தெளிக்கத்தாங்க," என்றாள்.

துண்டுக்குள்ளிருந்து தலை அசைந்தது. தன்னையறியாமல் செய்துவிட்டது அப்போதுதான் அவருக்கே தெரிந்து, வெட்கத்தில் துண்டை எடுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். "திரும்பலாமாங்க?"

"கொஞ்ச நேரம் அப்படியே இருங்க," என்றாள் அரசி.

மேற்கு வெயில் வாசல் வழியாக நீளமாக உள்ளே வந்து, புத்தக அலமாரிகளுக்கு நடுவில் சுவரில் இரண்டு நிழல்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தது. ஒன்று குட்டையாய், துண்டு போர்த்தி, அசையாமல் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று நெடுநெடுவென்று நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. துடைத்தது வேர்வை இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் நிழலிலேயே தெரிந்தது.

பிறகு அவள் சொன்னாள்: "இப்பத் திரும்பலாம்."